தண்ணீர் போட்ட கோடு

விடிந்து கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. படகுத்துறையில் இன்னும் ஒருவரும் பல்கூடத் துலக்கவில்லை. கேப்டன் மட்டும் ஒரு சின்ன ரப்பர் தோணியில் ஒருக்களித்துப் படுத்தபடி, தன் பாய்மரப் படகின் வயிற்றில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இது மூன்றாவது முறை.

அந்தக் கோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். படகின் உடம்பைச் சுற்றி பெல்ட் கட்டியது மாதிரி ஒரு கோடு இருக்கும். படகு எதுவரை தண்ணீரில் இறங்கலாம் என்பதற்கு அது அடையாளம். கோடு வெளியே தெரிந்தால் கவலையில்லை. கோடு முழுகிவிட்டால் உள்ளே பாரம் கூடிவிட்டது, எதையாவது இறக்கு என்று பொருள். இது பச்சைக் குழந்தைக்கும் விளங்கும். கேப்டன் பச்சைக் குழந்தை இல்லையே, படித்தவர். கோடு முழுகியபோது அவர் எதையும் இறக்கவில்லை. கோட்டை இரண்டு விரல்கடை மேலே ஏற்றிப் போட்டுவிட்டார். அதுவும் முழுகியது. மறுபடி ஏற்றினார். இருபத்திரண்டு வருடம் லிப்ட் கம்பெனியில் மேலாளராக இருந்தவர். ஏற்றுவது அவருக்குக் கைவந்த கலை.

கேப்டன் என்ற பட்டம் துறைக்காரர்கள் கொடுத்தது. பதினான்கு மாதத்தில் அவருடைய படகு ஒரே ஒரு தடவைதான் இடம் பெயர்ந்திருக்கிறது. மரமேடையில் பலகை மாற்றினார்கள் என்று இன்னொரு படகு வந்து கயிறு கட்டி இழுத்து, பத்தடி தள்ளிக் கட்டிவிட்டுப் போனது. அன்றைக்கு அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்ற தோரணையைப் பார்த்துத்தான் யாரோ "கேப்டன்!" என்று கூவினார்கள். அவர் தொப்பியைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். கடவுள் சிலருக்குக் காதைக் கொடுக்கும்போது கிண்டலை மட்டும் வடிகட்டிவிட ஒரு சல்லடையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். அதுவும் ஒரு கருணைதான்.

அவர் எப்படிப் படகுக்கு வந்தார் என்பது துறை முழுக்கத் தெரிந்த கதை. அவரே ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் தன் கம்பெனி லிப்டிலேயே நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். முதல் பத்து நிமிடம் கத்தினார். அடுத்த பத்து நிமிடம் வியர்த்தார். கடைசி இருபது நிமிடத்தில் ஞானம் பிறந்தது: மனிதனுக்கு இவ்வளவு இடம் போதும். வெளியே வந்ததும் வேலையை விட்டார், வீட்டை விற்றார், ஒன்பது மீட்டர் நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். மனைவியையும் மகளையும் அதில் ஏற்றினார். பிறகு, குறைவான பொருளோடு வாழ்வது எப்படி என்று நானூறு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினார். பெயர், 'பாரம் குறை, பாய் விரி'. சொந்தச் செலவில் எண்ணூறு பிரதி அச்சாயிற்று.

விற்றது பதினொன்று.

மனைவியிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "ஒரே மாசத்துல தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டார். அவள் கண்ணில் தெரிந்த சந்தோஷம் அவருக்கு இனிப்பாக இருந்தது. அதற்கப்புறம் திருத்தவும் மனம் வரவில்லை. அவள் பாய் தைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். அங்கே இருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். மிச்சப் புத்தகங்கள் அச்சகத்திலிருந்து ஒருநாள் வேனில் வந்து இறங்கியபோது படகில் அவர் மட்டுந்தான் இருந்தார். மூக்குப்பக்க அறையின் தரைப்பலகையைக் கழற்றி, கட்டுக் கட்டாக உள்ளே அடுக்கினார். இடம் போதாமல் தன் படுக்கைக்கு அடியிலும் திணித்தார். பலகையை மேலே வைத்து ஸ்குரூ முடுக்கினார். "அடியில ஈரம் ஏறுது, யாரும் திறக்கக்கூடாது" என்று வீட்டுக்கு ஒரு சட்டமும் போட்டார்.

படகு அன்றைக்கு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

தரைக்கு மேலே நடந்ததோ வேறு கதை. புத்தகத்தின் பதினேழாவது அத்தியாயப்படி ஆளுக்கு மூன்று உடுப்பு, ஒரு தட்டு, ஒரு கரண்டி. விருந்தாளி வந்தால் கரண்டியோடு வர வேண்டும். மடக்கு மேசையை விரித்தால் அடுப்பைத் திறக்க முடியாது. அடுப்பைத் திறந்தால் மகள் எழுந்து படியில் உட்கார வேண்டும். அவளுடைய படுக்கை அலமாரித் தட்டு அகலந்தான். அதில் படுத்துக்கொண்டே வட்ட ஜன்னல் வழியாக மரமேடையைப் பார்ப்பாள்.

"அப்பா, வந்த புதுசுல இந்த ஜன்னல்ல ஆளுங்களோட முழங்கால் தெரியும். இப்ப கணுக்கால்தான் தெரியுது" என்றாள் ஒருநாள்.

"மேடையை உசத்திட்டாங்கம்மா."

"மேடை மிதக்குற மேடைப்பா. அது எப்படி உசரும்?"

"சாப்பிடு. சாப்பிடும்போது பேசக்கூடாது."

போன வாரம் துறை அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். படகிலேயே குடியிருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தங்கள் படகு படகுதான் என்று காட்ட வேண்டும் என்பது இந்தத் துறையின் விதி. அளவுக்காரர் வந்து பாரத்தை அளப்பார். சரியாக இருந்தால் அவரும் ஏறிக்கொள்வார். இஞ்சின் போடாமல், பாய் விரித்து, வெளியே இருக்கும் மஞ்சள் மிதவைவரை போய்ச் சுற்றித் திரும்ப வேண்டும். தேறினால் இன்னொரு வருடத்துக்கு அனுமதி. தேறாவிட்டால் பதினைந்து நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். போன வருடம் கேப்டன் குடும்பம் புதுசு என்று விட்டுவிட்டார்கள். இந்த வருடம் வியாழக்கிழமை, காலை பத்து மணி.

அந்த வியாழக்கிழமை காலையில்தான் அவர் தோணியில் கிடந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கேப்டன் சார், கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரமா?"

அடுத்த படகின் விளிம்பில் டீ டம்ளரோடு வெல்டர் அக்கா நின்றாள். ஐம்பது வயது இருக்கும். துறையில் எந்தப் படகின் இரும்பு விட்டுப்போனாலும் அவள்தான் ஒட்ட வைப்பாள். அவளுடைய படகில் சங்கிலி, சிலிண்டர், துருப்பிடித்த தகடு என்று கால் வைக்க இடமிருக்காது. ஒருமுறை துறைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேப்டன் அதைச் சுட்டிக்காட்டி, "இது படகில்லீங்க, பழைய இரும்புக் கடை. பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டுது" என்று சொல்லியிருக்கிறார். அவள் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள்.

"சும்மா டச்சப்" என்றார் கேப்டன்.

"போன தடவை இந்தக் கோடு இன்னும் கீழ இருந்த மாதிரி ஞாபகம்."

"உங்களுக்கு வெல்டிங் பார்த்துப் பார்த்துக் கண்ணு கெட்டுப்போச்சு."

"இருக்கும் சார், இருக்கும். எனக்குக் கண்ணுதான் கெட்டிருக்கு" என்று டீயை உறிஞ்சினாள்.

உள்ளே மனைவி படுக்கையை மடித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஒரு வார்த்தை கேக்குறேன். படகு கொஞ்சம் தாழ்ந்துதான் நிக்குது. எதையாவது இறக்கி மேடையில வெச்சிடலாமா?" என்றாள். "இந்த இடம் போச்சுன்னா நமக்குப் போக்கிடம் இல்லீங்க. வீட்டை வித்தாச்சு. புள்ளை இப்பதான் பள்ளிக்கூடத்துல ரெண்டு சிநேகிதம் புடிச்சிருக்கா. கொட்டகையில எனக்கும் வேலை நிலையாயிருக்கு."

அவருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் பயந்தார். பயம் வந்தால் மனிதன் நேர்மையாகிவிடுவான் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. மகள் பொறுக்கிச் சேர்த்த கூழாங்கல் பெட்டி இருந்தது.

"சரி, நீ சொல்றதும் நியாயந்தான். மெஷினை எறக்கிடு. அந்தக் கல்லுப் பெட்டியையும்."

"மெஷினா? சாயங்காலம் பாய் உறை ரெண்டு தைச்சுக் குடுக்கணுமே."

"ஒரு நாளைக்குத்தானே? பற்றுதான் பாரம்னு எழுதியிருக்கேன்ல?"

அவள் வாதாடவில்லை. அத்தனை பேர் வாங்கிப் படித்த புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அவள் யார் மறுக்க? மெஷினைத் தலைப்பாகம் ஒருவர், கால்பாகம் ஒருவராகத் தாயும் மகளும் தூக்கி மேடையில் வைத்தார்கள். கல்லுப் பெட்டியை மகள் மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். கேப்டன் தன் படுக்கைமேல் உட்கார்ந்து, வழி சொன்னார்.

பத்து மணிக்கு அளவுக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் நுனியில் ஈயக்குண்டு கட்டிய நாடா, தோளில் ஒரு பிளாஸ்க். பார்த்தால் பயப்படத் தோன்றாது. கேப்டன் கைகுலுக்கி, நேராகக் கோட்டுப் பக்கம் அழைத்துப் போனார்.

"பாருங்க சார். கோடு ஒரு சாண் வெளியே தெரியுது. இந்தத் துறையிலேயே எங்க படகுதான் ரொம்ப லேசு."

அளவுக்காரர் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் தொட்டார். விரல் நுனி சிவந்தது. அதைக் கைக்குட்டையில் மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல பெயிண்டு. ஆனா மனுஷன் போட்ட கோட்டை நான் பாக்குறதில்லீங்க. தண்ணி போட்ட கோட்டைத்தான் பாப்பேன்" என்றார்.

படகின் மேல்விளிம்பில் நாடாவை வைத்து, ஈயக்குண்டு தண்ணீரைத் தொடும்வரை விட்டார். அளவைப் படித்தார். கையிலிருந்த காகிதத்தைப் படித்தார். மறுபக்கம் போய் இன்னொரு முறை அளந்தார்.

"விளிம்புலேருந்து தண்ணிக்குத் தொண்ணூறு செண்டிமீட்டர் இருக்கணும்னு உங்க படகுக் காகிதம் சொல்லுது. மூணு குறைஞ்சாலும் நான் கண்டுக்க மாட்டேன். எண்பத்தேழு. இங்க எண்பத்திரண்டுதான் இருக்கு. இப்படியே வெளிய போனா ஒரு பெரிய அலை வந்து உள்ள உக்காந்துக்கும். நான் கையெழுத்துப் போட முடியாது."

மனைவி மேடையிலிருந்த மெஷினைப் பிடித்துக்கொண்டாள். மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"சார், அளவுல ஏதாவது…" என்று கேப்டன் இழுத்தார்.

"நாடா பொய் சொல்லாதுங்க. அதுக்குப் புள்ளைகுட்டி கிடையாது, எதுக்குச் சொல்லணும்?" என்ற அளவுக்காரர், அந்தப் பெண்குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு பிளாஸ்கைத் திறந்தார். நிதானமாக ஒரு மூடி ஊற்றிக் குடித்தார். "எனக்கு இன்னும் மூணு படகு பாக்க வேண்டியிருக்கு. உங்களைக் கடைசியா வெச்சுக்கறேன். ரெண்டு மணிக்கு வருவேன். அதுவரைக்கும் தண்ணி எங்க நிக்குதுங்குறது உங்க கையில."

சட்டப்படி அவர் அந்த இடத்திலேயே பெயரை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. நாலு மணி நேரம் என்பது அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த தானம்.

அதற்கப்புறம் நடந்ததைத் துறையே நின்று பார்த்தது. பார்த்ததோடு நிற்காமல் கைகொடுத்தது. வெல்டர் அக்கா முதலில் தாண்டி வந்தாள். பாய்க் கொட்டகை முதலாளி வந்தார். ஐஸ் வண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தார். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் பொருள் மாறி மேடைக்குப் போய்க்கொண்டே இருந்தது. குடிதண்ணீர்க் கேன்கள். உபரி நங்கூரம் இரண்டு. கேப்டன் உடற்பயிற்சி செய்யும் இரும்புத் தம்புள்ஸ் ஒரு ஜோடி. லிப்ட் கம்பெனி கொடுத்த பாராட்டுக் கேடயங்கள், பித்தளையில் ஒன்பது.

"ஆளுக்கு ஒரு கரண்டிதான், ஆனா ஒம்போது கேடயம்" என்றாள் வெல்டர் அக்கா, ஒன்றைத் தூக்கிப் பார்த்து. "சாப்பாட்டை இதுல போட்டுக் குடுத்திருக்கலாமே சார்."

"அது வந்து… நினைவுக்காக."

"பித்தளைக்கு நினைவு ரொம்பக் கனமா இருக்கு." அவள் அதை ஐஸ்காரரிடம் நீட்டினாள்.

பேட்டரி நாலு. மழை கோட்டுகள். வாக்குவம் கிளீனர். "ஒன்பது மீட்டர் படகுக்கு எதுக்குங்க இது?" என்று கேட்டுக்கொண்டே ஐஸ்காரர் அதை மேடைக்குக் கடத்தினார். அடைசலாக இருக்கிறது என்று அவர் பழித்த இரும்புப் படகுக்குப் பக்கத்திலேயே, மேடை முழுக்க, லேசான வாழ்க்கை விரிந்து கிடந்தது. நடந்து போகிறவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள்.

ஒன்றே முக்காலுக்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை. கொட்டகை முதலாளி தன் சொந்த நாடாவைத் தொங்கவிட்டுப் பார்த்தார்.

"எண்பத்தஞ்சு."

"இன்னும் ரெண்டு செண்டிமீட்டர்" என்றாள் மனைவி. குரல் தேய்ந்திருந்தது. "இன்னும் என்ன இருக்கு? எல்லாத்தையும் எடுத்தாச்சே."

"முன்பக்கம் குத்திக்கிட்டு நிக்குது. மூக்குலதான் ஏதோ கெடக்கு. தண்ணி கிண்ணி ஏறியிருக்கா? பலகையைக் கழட்டிப் பாத்துடலாம்" என்றார் முதலாளி.

"வேண்டாம்!" என்றார் கேப்டன்.

எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அது சத்தமாக வந்துவிட்டது.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். எதிரே மேடையில் அவருடைய மனைவி, உழைத்துச் சிவந்த கையை வயிற்றோடு கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் தையல் மெஷின். காலையில் புத்தகத்தைச் சொன்னதும் அவள் வாதாடாமல் அதைத் தூக்கிக்கொண்டு போனாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னும் கால் மணி நேரத்தில் அளவுக்காரர் வருவார். பலகையைத் திறக்காவிட்டால் இவர்கள் தெருவில் நிற்பார்கள். திறந்தால் அவர் நிற்பார். உடம்பில் சட்டை இருந்தும் நிர்வாணமாக. நல்ல மனிதர்களுக்கு இது ஒரு நொடி யோசனை. கேப்டனுக்கு நாலு நிமிடம் ஆயிற்று. நாலு நிமிடத்திலாவது ஆனதே என்று நாம் கடவுளுக்கு நன்றி சொல்வோம். ஆயுசு முழுக்க ஆகாதவர்கள் இருக்கிறார்கள்.

அவர் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு மூக்குப்பக்கம் போனார்.

முதல் கட்டு வெளியே வந்தபோது யாருக்கும் என்னவென்று புரியவில்லை. பழுப்புக் காகிதம், சணல் கயிறு. மூன்றாவது கட்டில் காகிதம் கிழிந்து அட்டை தெரிந்தது. நீலக் கடல், வெள்ளைப் பாய், அதற்கு மேலே 'பாரம் குறை, பாய் விரி'. கட்டுகள் வந்துகொண்டே இருந்தன. பத்து, இருபது. கேப்டன் குனிந்தே எடுத்து, குனிந்தே நீட்டினார்.

மகள்தான் கேட்டாள். "அப்பா, எல்லாம் வித்துடுச்சுன்னு சொன்னீங்களே?"

அவர் அடுத்த கட்டை இழுக்கக் குனிந்தார்.

வெல்டர் அக்காவின் கையில் அப்போது ஒரு கட்டு இருந்தது. இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காக அவள் எத்தனை மாதம் காத்திருந்தாளோ. நாக்கில் எத்தனை வார்த்தை தயாராக இருந்ததோ. அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கட்டைத் தன் படகின் பக்கம் பொத்தென்று வைத்தாள்.

"வித்ததுதாண்டி கண்ணு. இதுல இருபது என்னுது. எப்பவோ சொல்லி வெச்சேன், வாங்கிட்டுப் போக நேரமில்ல. வெச்சிருங்க சார்னு நான்தான் சொன்னேன்."

கேப்டன் நிமிர்ந்தார்.

"எனக்குப் பத்து" என்றார் ஐஸ்காரர், ஒரு நொடி தாமதித்து. அவருக்குப் படிப்பு அவ்வளவாக வராது என்பது துறைக்கே தெரியும். "வீட்ல கேட்டாங்க."

"கொட்டகைக்கு முப்பது. வர்ற வாடிக்கைக்காரங்களுக்குக் குடுக்கணும்னு சொல்லியிருந்தேனே, மறந்துட்டீங்களா?" என்றார் முதலாளி, கடுகடுவென்று.

பொய்தான். பொய் பாவம் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு குழந்தையின் முன்னால் அதன் தகப்பனைத் தூக்கி நிறுத்த மூன்று பேர் போட்டிபோட்டுக்கொண்டு சொன்ன பொய்யைக் கடவுள் கேட்டிருந்தால், கொஞ்சநேரம் வேறு பக்கம் பார்த்திருப்பார் என்றே தோன்றுகிறது. மனைவியின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் நீட்டிய கையை மடக்கவில்லை. "அடுத்ததைக் குடுங்க, நேரமாகுது" என்றாள் கணவனிடம்.

காலையில் ரப்பர் தோணியிலிருந்து போட்ட பெயிண்டுக்குக் கீழே, ஒரு பட்டை பச்சைப் பாசி தண்ணீரைவிட்டு மேலே வந்து சொட்டியது.

இரண்டு மணிக்கு வந்த அளவுக்காரர் நாடாவைத் தொங்கவிட்டார். "எண்பத்தேழு. அரை கூடவே இருக்கு" என்று எழுதிக்கொண்டார். மேடையில் கிடந்த புத்தக மலையை ஒரு பார்வை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார். "பாயை ஏத்துங்க."

இங்கே இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பாய் ஏற்றுவது பற்றிப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. ஆனால் கேப்டனுக்கு எந்தக் கயிறு எதற்கு என்று தெரியாது. மனைவிக்குத் தெரியும். கொட்டகையில் தைத்த பாயைச் சோதித்துப் பார்க்க அடுத்தவர் படகுகளில் போய்வந்து போய்வந்து கற்றிருந்தாள். லீவு நாட்களில் மகளும் கூடப் போயிருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் கயிற்றை இழுக்க, பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மேலே போய், காற்றை வாங்கி வயிறு புடைத்தது. கேப்டனைச் சுக்கானில் உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்து, சொன்ன பக்கம் தள்ளினால் போதும்.

பதினான்கு மாதம் மாடு மாதிரி கட்டிக் கிடந்த படகு, கயிறு அவிழ்ந்ததும் முதலில் நம்பாமல் நின்றது. பிறகு சாய்ந்தது. பிறகு ஓடியது. தண்ணீர் பக்கவாட்டில் சலசலத்தது. அந்தச் சத்தத்தை அவர் இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் வர்ணித்திருந்தார். கேட்பது இன்றுதான் முதல் தடவை. அவர் எழுதியது தப்பு.

மஞ்சள் மிதவை பெரிதாகிக்கொண்டே வந்தது. மகள் கயிற்றைப் பிடித்தபடி கேட்டாள். "அப்பா, வெல்டர் அத்தை எப்ப ஆர்டர் பண்ணாங்க?"

எளிதாகச் சொல்லியிருக்கலாம். போன தீபாவளிக்கு, போன மழைக்கு என்று எதையாவது சொன்னால் அவள் நம்பியிருப்பாள். பொய்யை அவருக்காக மூன்று பேர் சுடச்சுடச் செய்து தட்டில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். சாப்பிட வேண்டியதுதான் பாக்கி. அவருக்கு இறங்கவில்லை.

"பண்ணலம்மா" என்றார். "யாரும் பண்ணல. அவங்க எனக்காகச் சொன்னாங்க. புத்தகம் விக்கல. நான்தான் அம்மாகிட்டயும் உங்கிட்டயும் பொய் சொன்னேன். அதை மறைக்கத்தான் கோட்டையும் ஏத்தி ஏத்திப் போட்டேன்."

அளவுக்காரர் கவனமாக அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றுமில்லை.

"ஒண்ணுகூடவா விக்கல?" என்றாள் மகள்.

"பதினொண்ணு வித்துச்சு."

பாய்க் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்த மனைவி, காலையிலிருந்து முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். "அதுல ஒம்போது எங்க அண்ணன் வாங்கினது" என்றாள்.

மகளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. அளவுக்காரர் இருமினார். அவ்வளவு நேரம் இருமல் இல்லாத மனிதர். மனைவி சிரிக்கவில்லை. "என் மெஷினை இறக்கச் சொன்னீங்க பாருங்க, அதைப் பத்தி கரைக்குப் போய்ப் பேசிக்கலாம். ரொம்ப நேரம் பேசணும். இப்ப சுக்கானைத் தள்ளுங்க. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்."

அவர் இந்தப் பக்கம் தள்ளினார். பாய் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறியது. அதைத் தாங்கும் குறுக்குக் கட்டை தலைக்குமேல் விசுக்கென்று வந்தது. குனியவேண்டும் என்று எழுதியிருந்தார்தான். தொப்பி கடலில் விழுந்து, கொஞ்ச தூரம் அவர்களோடு வந்துவிட்டுப் பின்தங்கியது. படகு மிதவையைச் சுற்றித் திரும்பியது.

திரும்பும் வழியில் மேற்கே வானம் கறுத்தது. பாதி தூரம் வருவதற்குள் பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. அளவுக்காரர் காகிதத்தைச் சட்டை மறைவில் பிடித்து, மழைக்கு முதுகைக் காட்டிக் குனிந்தபடியே கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்தார். "அடுத்த வருஷமும் தண்ணிகிட்டயே கேப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

கேப்டனுக்கு மேடையில் கிடக்கும் புத்தகங்கள் ஞாபகம் வந்தன. போகட்டும், கரைந்து போகட்டும் என்று நினைத்தார். அப்படி நினைத்துக்கொண்டே மேடைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். என்ன இருந்தாலும் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியது. பொய்யை அவர் புத்தகத்தைப் பற்றித்தான் சொன்னார், புத்தகத்துக்குள் அவ்வளவாகச் சொல்லவில்லை.

படகு துறைக்குள் நுழைந்தபோது மழை வலுத்திருந்தது. மேடையில் தையல் மெஷினைக் காணோம். கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். கல்லுப் பெட்டி ஐஸ் வண்டிக்குள் இருந்தது. புத்தகக் கட்டுகள்மீது ஒரு பெரிய தார்ப்பாய் விரித்து, நாலு மூலையிலும் துருப்பிடித்த சங்கிலி வைத்து அழுத்தியிருந்தது. வெல்டர் அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கடைசி மூலையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய சொந்தச் சாமான்கள் பக்கத்தில் நனைந்துகொண்டிருந்தன.

கேப்டன் கயிற்றோடு மேடையில் குதித்தார். கட்டவேண்டியதைக் கட்டாமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டே அவள் முன்னால் போய் நின்றார். மழை முகத்தில் வழிந்தது. அதில் எது மழை என்று கேட்கிற ஆள் அங்கே யாருமில்லை.

"அக்கா" என்றார். இதற்குமுன் அவளை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "உங்க தார்ப்பாயை எதுக்கு இதுக்குப் போய்…"

"நனைஞ்சா இன்னும் கனக்கும்" என்றாள் வெல்டர் அக்கா. "மறுபடி தூக்க எங்களுக்குத் தெம்பில்ல. பேசிக்கிட்டு நிக்காம அந்த மூலையைப் பிடிங்க."